மாஸ்டரின் கொப்பியும் கொழும்பின் தராசும்

"ஏன் தம்பி, மாக்கெற் ஏறிப்போச்செண்டு பேப்பரில கிடக்கு. என்ர நாலு கொம்பனியும் இறங்கிக் கிடக்கு. அப்ப ஏறினது ஆற்ர காசு?"

2021ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. பங்குச் சந்தையின் சுட்டெண் எப்படிப் பிறக்கிறது என்பது முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

சுட்டெண் என்றால் எல்லாப் பங்குகளின் விலையையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்த சராசரி என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆரம்பத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 1896 மே 26 அன்று நியூயோர்க்கில் சார்ள்ஸ் டவ் 12 நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கூட்டி 12ஆல் வகுத்தார். விடை 40.94. டவ் ஜோன்ஸ் சுட்டெண் அன்று பிறந்தது. (அதே 1896இல்தான் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தொடங்கியது, தேயிலைத் தோட்டக் கொம்பனிகளுக்கு முதல் திரட்டுவது அன்றைய தேவை.)

சராசரியில் ஒரு குறை உண்டு. சந்தைக்குப் போய் வந்தவருக்கு அது உடனே விளங்கும். கறிவேப்பிலை விலை இரட்டித்தாலும் வீட்டுச் செலவு அசையாது. சின்ன வெங்காயம் கிலோவுக்கு ஐம்பது ரூபா ஏறினால் அசையும். எவ்வளவு ஏறியது என்பதோடு, ஏறிய பொருள் கூடையில் எவ்வளவு பாரம் என்பதையும் பார்க்க வேண்டும்.

கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அந்தப் பாரத்தைத்தான் பார்க்கிறது. ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளை ஒரு பங்கின் விலையால் பெருக்கினால் அதன் சந்தைப் பெறுமதி வரும். பட்டியலில் உள்ள எல்லா நிறுவனங்களின் பெறுமதியையும் கூட்டி, அடிப்பெறுமதியால் வகுத்து, 100ஆல் பெருக்குகிறார்கள். அடி ஆண்டு 1985. அன்றைய சந்தை 100 என்று வைத்துக்கொண்ட கணக்கு.

மாஸ்டரின் கொப்பியில் நான் போட்டுக் காட்டிய உதாரணம் இது. 'அ' என்ற நிறுவனத்துக்கு 10 இலட்சம் பங்குகள், விலை 50 ரூபா: பெறுமதி 5 கோடி. 'ஆ'வுக்கு 1 இலட்சம் பங்குகள், விலை 300 ரூபா: 3 கோடி. 'இ'க்கு 20 இலட்சம் பங்குகள், விலை 10 ரூபா: 2 கோடி. மொத்தம் 10 கோடி, சுட்டெண் 100. மறுநாள் 'அ' மட்டும் 10 வீதம் ஏறி 55 ரூபாவாகிறது. மொத்தம் 10.5 கோடி, சுட்டெண் 105. 'அ'வுக்குப் பதில் 'ஆ' அதே 10 வீதம் ஏறியிருந்தால் 103தான். ஐந்தைந்து ரூபாவாக நகரும் பங்கு, முப்பது ரூபா தாவும் பங்கைவிடச் சுட்டெண்ணைக் கூடுதலாகத் தள்ளுகிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். சுட்டெண் 105இல் நிற்கும்போது 5 கோடி பெறுமதியான 'ஈ' என்ற புதிய நிறுவனம் பட்டியலில் சேருகிறது. மொத்தம் 15.5 கோடி. பழைய அடிப்பெறுமதியாலேயே வகுத்தால் சுட்டெண் 155! யாருடைய பங்கும் ஒரு சதம் ஏறவில்லை. சுட்டெண்ணோ சந்தை ஒரே நாளில் 50 புள்ளி பாய்ந்ததாகக் காட்டும். அதனால் வகுக்கும் எண்ணை மாற்றுகிறார்கள். பழைய அடியான 10 கோடியை 15.5ஆல் பெருக்கி 10.5ஆல் வகுத்தால் 14.76 கோடி. இனி அதுதான் அடி. 15.5ஐ அதனால் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள்: மறுபடியும் 105.

மாஸ்டர் அந்தக் கணக்கை இரண்டு தரம் தானே போட்டுப் பார்த்தார். "அடியை மாத்தி முடியைக் காப்பாத்திறாங்கள்" என்றார். சரியாகச் சொன்னார். நிறுவனம் ஒன்று வரும், ஒன்று போகும், இன்னொன்று உரிமைப் பங்கு வழங்கும். ஒவ்வொரு தடவையும் கீழே உள்ள எண் சத்தமில்லாமல் திருத்தப்படுகிறது, மேலே தெரியும் எண் விலைக்கு மட்டும் அசைய வேண்டும் என்பதற்காக. 1985இன் 100இலிருந்து 2024 முடிவின் 15,944 வரை ஒரே கோடாக வரைய முடிவது இந்தத் திருத்தங்களால்தான். டவ் ஜோன்ஸிலும் இதே வேலை நடக்கிறது. 12இல் தொடங்கிய வகுக்கும் எண், பங்குப் பிரிப்புகளால் தேய்ந்து தேய்ந்து இன்று 0.16 அளவில் நிற்கிறது. அதனால் அந்தப் பட்டியலில் எந்தப் பங்கு ஒரு டொலர் ஏறினாலும் சுட்டெண் 6 புள்ளி ஏறும்.

சரி, 2021இல் ஏறியது யாருடைய காசு? அந்த ஒரே ஆண்டில் கொழும்புச் சுட்டெண் 6,774இலிருந்து 12,226க்குப் போனது. அந்த ஏற்றத்தில் ஒரு பெரும் பங்கு எக்ஸ்போலங்கா என்ற சரக்கனுப்பும் நிறுவனத்துடையது. கொரோனாக் காலத்தில் கப்பல் கொள்கலன் கட்டணங்கள் உலகெங்கும் எகிறின. அதன் பங்கு விலை பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. அப்போது அதன் பங்குகள் ஏறக்குறைய 195 கோடி. அதாவது விலை ஒரு ரூபா ஏறினால் பெறுமதி 195 கோடி ரூபா ஏறும். ஆண்டு முடிவில் சந்தையின் மொத்தப் பெறுமதி 5.5 இலட்சம் கோடி ரூபாவை ஒட்டியிருந்தது. கணக்குப் போட்டால், அந்த ஒரு பங்கு ஒரு ரூபா அசைந்தாலே சுட்டெண் 4 புள்ளிக்கு மேல் அசையும். மாஸ்டரின் நாலு கொம்பனிகளும் சேர்ந்து இறங்கினாலும் அந்தப் பாரத்துக்கு ஈடாகாது.

இன்னொன்றும் உண்டு. எக்ஸ்போலங்காவின் பெரும்பகுதிப் பங்குகள் ஜப்பானியத் தாய் நிறுவனத்தின் கையில் இருந்தன. அவை சந்தையில் விலைப்படவே இல்லை. ஆனாலும் இந்தச் சுட்டெண் எல்லாப் பங்குகளையும் தராசில் வைக்கிறது. 2012இல் வந்த எஸ் அண்ட் பி எஸ்.எல். 20 சுட்டெண் அப்படிச் செய்வதில்லை. 20 நிறுவனங்கள் மட்டும். அவற்றிலும் வெளியில் கைமாறக்கூடிய பங்குகள் மட்டும். எந்தத் தனி நிறுவனத்தின் பாரத்துக்கும் 15 வீதம் என்ற உச்சவரம்பு. சந்தை அளவுக்கு மீறி விழும்போது வியாபாரத்தை நிறுத்தும் தடுப்புக் கட்டையும் இந்தச் சுட்டெண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. நாடு கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த பின், ஒரு வாரம் மூடியிருந்த சந்தை 2022 ஏப்ரல் 25 அன்று திறந்தது. இந்தச் சுட்டெண் 10 வீதத்துக்கு மேல் விழுந்ததும் அன்றைய வியாபாரம் அத்தோடு நின்றது.

எங்கள் குடாநாடும் அந்தத் தராசில் இருந்திருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 ஜூனில் போரால் நின்றது. ஆனால் அங்கே இயங்கிய லங்கா சீமெந்து, கொழும்புப் பட்டியலில் இருந்தது. உற்பத்தி ஒரு மூடைகூட இல்லாமல், போர் முடிந்த பின்னரும் அதன் பங்குகள் அங்கே கைமாறிக்கொண்டிருந்தன. துருப்பிடித்து நின்ற அந்த ஆலையும் ஒரு தூசளவு பாரத்தோடு நாட்டின் சுட்டெண்ணை அசைத்திருக்கிறது. புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு காங்கேசன்துறை வீதியால் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்தக் கேள்வி கேட்டதற்கு அடுத்த கிழமை மாஸ்டரிடம் போனபோது கொப்பியில் புதிதாக ஒரு பக்கம் இருந்தது. தன் நாலு கொம்பனிகளின் பங்கு எண்ணிக்கை, வாங்கிய நாள் விலை, இன்றைய விலை. வாங்கிய நாளை 100 என்று வைத்துத் தன் சுட்டெண்ணைத் தானே கணித்திருந்தார். விடை 96.

"பங்கிலாபம் வந்ததைக் கூட்டினீங்களோ மாஸ்டர்?" என்றேன். பத்திரிகையில் வரும் விலைச் சுட்டெண் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பங்கிலாபம் போன நாளில் விலை இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். அதைச் சேர்த்துப் பார்ப்பதற்கு மொத்த வருவாய்ச் சுட்டெண் என்று தனியே ஒன்று உண்டு.

அவர் மேசை லாச்சியைத் திறந்து நாலு கடித உறைகளை எடுத்தார். பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து, ஓரத்தில் இன்னொரு நிரல் கீறினார். கூட்டி முடித்தபோது 101.