தினமும் பத்து நிமிடம் நமக்காக

தியானம் என்றதும் நம்மில் பலர், "அது சாமியாருங்க வேலை. விடிஞ்சா பெரட்டு, பொழுது சாஞ்சா அடுப்படி. நமக்கு எங்க நேரம்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் தியானத்துக்குக் காடும் வேண்டாம், காவியும் வேண்டாம். பத்து நிமிடமும் நம்முடைய மூச்சும் போதும்.

தியானம் என்ன செய்கிறது?

கொழுந்து நிறை குறைந்து, அரைப்பேர் விழுந்த நாளில் களைத்துப்போய் லயத்துக்கு வருகிறோம். பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுகிறது. அடுத்த நொடியே கை ஓங்கி விடுகிறது. அது பிள்ளைமேல் வந்த கோபமா? இல்லை. மலையில் ஏறிய கோபம் லயத்தில் இறங்குகிறது.

கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். மூச்சை ஆறுதலாக, நீளமாக வெளியே விட்டால் நெஞ்சுத் துடிப்பும் மெல்லத் தணியும். தினமும் இதைப் பழகினால் கோபமே வராது என்று சொல்ல மாட்டோம். ஆனால் கோபத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். "இப்ப அடிக்கத்தான் வேணுமா?" என்று நம்மை நாமே கேட்க அந்த இடைவெளி போதும். நம் வளர்ச்சி தொடங்குவதும் அங்கேதான்.

இது புதிய சங்கதி அல்ல. மூச்சைப் பழக்குவதைத் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பாடியிருக்கிறார். பௌத்தர்களும் மூச்சைக் கவனித்தே தியானம் செய்கிறார்கள். 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், தீராத வலியால் வாடியவர்களுக்கு இதையொட்டிய பயிற்சியை ஜோன் கபாட்-சின் தொடங்கினார். அது 8 வாரப் பயிற்சியாகப் பல நாடுகளுக்கும் பரவியது. 2024இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை டிசம்பர் 21ஐ உலக தியான தினமாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தை முன்வைத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. எந்தச் சமயத்தவரும் இதைப் பழகலாம்.

எப்படிச் செய்வது?

1. பெரட்டுக்குப் போகுமுன் அல்லது இரவு படுக்குமுன், தினமும் ஒரே நேரத்தில் இஸ்தோப்பில் உட்காருங்கள். முழங்கால் வலித்தால் பெஞ்சில் உட்காரலாம்.

2. முதுகை நேராக வைத்து மூச்சை அதன் போக்கில் விடுங்கள். ஒவ்வொரு முறை வெளியே விடும்போதும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள்.

3. நடுவில் கடன், சீட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று மனம் ஓடும். ஓடட்டும். தெரிந்ததும் திரும்ப வந்து ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி.

ஒரே காம்பிராவில் சத்தம் அதிகமா? சத்தத்தையும் கேட்டபடியே எண்ணலாம். கண்ணை மூடினால் பழைய துக்கமோ பயமோ பொங்கி வந்தால், கண்ணைத் திறந்து எதிரே ஒரு பொருளைப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கொழுந்து ரவுண்டு தப்பினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் பத்து நிமிடம் உட்காருவதே பலன் தரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தியானம் சம்பளத்தைக் கூட்டாது. ஒழுகும் கூரையை அடைக்காது. நியாயமாகக் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். பதற்றமில்லாமல், சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல இது துணை நிற்கும். பிரஷருக்கும் சீனிக்கும் குடிக்கிற மருந்தை நிறுத்தவும் கூடாது. பல நாளாக உறக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்று இரவே தொடங்குவோம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைப்போம். நாம் அமைதியாக இருப்பதைப் பார்த்துத்தான் அவர்களும் அமைதியைக் கற்றுக்கொள்வார்கள்.