கிளட்ச் இல்லாத டிராக்டர் நமக்குச் சரிப்படுமா?

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ டிராக்டர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொட்டேஷனில் எச்.பி.யையும் விலையையும் பார்ப்பேன். கியர் எப்படிப்பட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றபின் பாகூர் பக்கம் 1 ஹெக்டேர் 10 ஆர் நிலத்தை (எங்கள் பத்திரத்தில் இன்னும் பிரெஞ்சுக்காரன் கணக்குதான், சுமார் இரண்டே முக்கால் ஏக்கர்) நானே உழ ஆரம்பித்தேன். அப்போதுதான் என் இடது முழங்கால் அந்தக் கேள்வியைக் கேட்டது.

பிரான்சில் இருக்கும் மச்சான் தன் தோட்டத்து மினி டிராக்டரை வீடியோவில் காட்டினார். கிளட்ச் மிதிக்கவே இல்லை. ஒரு மிதியை அழுத்தினால் முன்னே, இன்னொன்றை அழுத்தினால் பின்னே. ஹைட்ரோஸ்டேட்டிக் என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது.

விசாரித்தால், நமக்குத் தெரிந்த சரக்குதான். நெல் அறுக்க வரும் பெல்ட் வண்டிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. இன்ஜின் ஓர் எண்ணெய் பம்பைச் சுற்றுகிறது. அழுத்தத்தோடு வரும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றி சக்கரத்தை ஓட்டுகிறது. பம்புக்குள் ஒரு சாய்தட்டு. அது சாயச் சாய எண்ணெய் அதிகம் பாயும், வேகம் கூடும். நிமிர்ந்தால் வண்டி நிற்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ்.

எரு அள்ள, தென்னந்தோப்பில் புல் வெட்ட, மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் போக, இதை அடிச்சிக்க ஆளில்லை. இன்ஜின் வேகத்தைக் குறைக்காமலே ஊர்ந்து போகலாம் என்பதால் பி.டி.ஓ. ஒரே சீராகச் சுற்றும்.

சேற்றுழவில்தான் கணக்கு மாறுகிறது. பல்லோடு பல் கடிக்கும் கியரைவிட எண்ணெய் வழியாகப் போகும்போது சக்தி இழப்பு அதிகம். இழந்தது சூடாகி எண்ணெயில் சேரும். 24 எச்.பி. வண்டிக்கு ஆளுயரத் தக்கைப்பூண்டை மடக்கி உழுவதே பெரும்பாடு, அதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? எண்ணெயும் ஃபில்டரும் சுத்தமாக இருந்தாக வேண்டும். பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

என் டைரியைப் புரட்டினேன். போன வருஷம் வாடகை டிராக்டர் ஓடிய 62 மணி நேரத்தில் 45 மணி நேரம் ரோட்டவேட்டர் வேலை. தோப்பு வேலை கொஞ்சம்தான். கணக்கு இதற்கு நேர்மாறாக இருந்திருந்தால் ஆசைக்கு நியாயம் இருந்திருக்கும்.

தவிர, நம் ஊரில் விற்கும் மினி டிராக்டர்கள் அநேகமாக எல்லாமே கியர் வண்டிதான். 2023-ல் வந்த மஹிந்திரா ஓஜாவில்கூட அமெரிக்காவுக்குத்தான் ஹைட்ரோஸ்டேட்டிக். இங்கே கியரோடு முன்-பின் ஷட்டில். ஆகவே கியருக்குள்ளேதான் தேர்வு. ஸ்லைடிங் மெஷ்ஷைவிட கான்ஸ்டன்ட் மெஷ்ஷில் கியர் சத்தமில்லாமல் விழும். ஷட்டில் இருந்தால் ஒரே லிவரில் முன்னும் பின்னும் போகலாம். இரட்டைக் கிளட்ச் கட்டாயம் கேளுங்கள்: பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கிளட்சில் இரண்டும் நின்றுபோகும்.

நான் இரட்டைக் கிளட்ச் வண்டிதான் எடுத்தேன். ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்துத் திரும்பாதீர்கள். ரோட்டவேட்டர் மாட்டி, வயல் சேற்றில் அரை மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கிளட்சை இருபது தடவை மிதித்தும் பாருங்கள். நான் பார்த்த மூன்று வண்டிகளில் ஒன்றை அதற்காகவே வேண்டாம் என்று விட்டேன்.