ஒட்டகத்தின் ஓவர்டிராஃப்ட்

'பாலைவனத்தில் பகலில் 50 டிகிரி, ராத்திரி பூஜ்யம்!' ஜியாகிரபி வாத்தியாரிலிருந்து டூரிஸ்ட் கைடு வரை எல்லோரும் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஐம்பதும் நிஜம், பூஜ்யமும் நிஜம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் அல்ல. ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 2016 மே மாதம் 51 டிகிரி கொளுத்தியது. அதே மாநிலத்துச் சூருவில் ஜனவரி ராத்திரிகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது. நடுவில் எத்தனை மாசம் இருக்கிறது, சுவாமி!

ஒரே நாள் கணக்கு என்றால் ஜெய்சல்மேரில் மே மாதம் சராசரியாகப் பகல் 42, ராத்திரி 26. சுமார் 16 டிகிரி வித்தியாசம். அதே மாதம் சென்னையில் 9 அல்லது 10தான்.

ஏன் இப்படி? நான் பி.காம். பிசிக்ஸுக்குப் பத்தாம் வகுப்போடு பெரிய கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பூமிக்கு வரவு சூரியனிடமிருந்து. செலவு, தரை தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருப்பது. பகலிலும் இந்தச் செலவு உண்டு. ராத்திரி வரவு நின்றுபோவதால் பளிச்சென்று தெரிகிறது.

கடலோர ஊர்களில் இந்தச் செலவைக் கண்காணிக்க ஒரு கறாரான மாமனார் இருக்கிறார். காற்றில் உள்ள நீராவி! மேலே போகிற வெப்பத்தை வழிமறித்து, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பிவிடுவார். மேகமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இந்தக் கதிர்களைக் கண்டுகொள்வதே இல்லை, தடுப்பது நீராவி மாதிரி சில வாயுக்கள்தான் என்று ஜான் டின்டால் 1859ல் ஆரம்பித்த சோதனைகளில் அளந்தே காட்டினார். பாலைவனத்தில் மாமனார் பெரும்பாலும் ஊரில் இல்லை. கஜானா திறந்து கிடக்கிறது.

போதாக்குறைக்கு மணல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றுகிற வெப்பத்தில் ஒரு கிலோ மணலை ஐந்து டிகிரி ஏற்றிவிடலாம். காய்ந்த மணலில் துகளுக்குத் துகள் நடுவில் காற்று இருப்பதால் சூடு உள்ளேயும் இறங்காது. மேல்மணல் 60 டிகிரியைத் தாண்டும்போது, ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் பகலா இரவா என்றே தெரியாது. பாலைவன எலிகள் அங்கேதான் பகலைக் கழிக்கின்றன. கடல் என்பது ஃபிக்ஸட் டெபாசிட் என்றால், மணல் முதல் தேதி சம்பளத்தை மூன்றாம் தேதிக்குள் தீர்த்துவிடுகிற பிரம்மச்சாரி.

ஒரு டிசம்பரில் ஜெய்சல்மேர் பக்கம் சாம் மணல்மேட்டில் நானே பார்த்தேன். சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே வெறுங்காலுக்கு மணல் ஜில்லிட்டது. கூடாரக்காரர், "ரஜாய் வேணுமா, சாப்?" என்று வந்து நின்றார். வாடகைக்கு. அந்த நேரத்தில் யார் பேரம் பேசுவார்கள்!

இந்த ராத்திரிச் செலவை வைத்தே ஈரானில் ஒரு காலத்தில் ஐஸ் தயாரித்தார்கள். குளிர்கால ராத்திரியில் ஆழமில்லாத குட்டையில் தண்ணீர் விட்டு, தெளிந்த வானத்துக்கு வெப்பத்தைப் பறிகொடுக்கவிட்டு, உறைந்ததைத் தடித்த மண் கூம்புக்குள் கோடை வரை பத்திரப்படுத்துவார்கள். கரெண்ட் பில் கிடையாது.

ஆனால் இதில் உண்மையான கில்லாடி ஒட்டகம். 1950களில் க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சஹாராவுக்கே போய் ஒட்டகத்துக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். (எங்கே வைத்தார் என்று கேட்காதீர்கள்.) தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடம்பு விடியற்காலையில் 34 டிகிரி, சாயங்காலம் 40க்கும் மேல். நமக்கு 40 என்றால் வீடே அலறும். வியர்த்துக் குளிரலாம் என்றால் தண்ணீர் செலவாகுமே! அதனால் ஒட்டகம் பகல் வெப்பத்தை உடம்பிலேயே ஓவர்டிராஃப்டாக ஏற்றிக்கொள்கிறது. ராத்திரி குளிர்ந்ததும் கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்துவிடும். வட்டி கிடையாது. ஒரு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் மிச்சம்.

மனுஷனுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் குளிர்ந்த ராத்திரி அவனுக்கும் வேண்டும். பகலெல்லாம் வெயிலில் சுமை தூக்கியவனின் இதயம் கொஞ்சம் மூச்சு வாங்குவது அப்போதுதான். ராத்திரியும் இறங்காவிட்டால் மறுநாள் வெயில், ஆறாத உடம்பின் மேல் விழுகிறது. வெப்ப அலையில் உயிர்கள் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். நம் வானிலைத் துறையும் 'சூடான இரவு' என்று இதைத் தனியாகவே கணக்கு வைக்கிறது. பகலில் 40க்குக் குறையாமல் அடித்து, ராத்திரியும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியோ அதற்கு மேலோ கூடியிருந்தால் அந்தப் பெயர்.

நகரத்துக் கான்கிரீட்டும் தார் ரோடும் மணலுக்கு நேர் எதிர். பகலெல்லாம் குடித்த வெப்பத்தை விடிய விடியக் கக்கும். நெருக்கமான கட்டடங்கள் வானத்தையே மறைத்துவிடும். ஏசிகள் தங்கள் பங்குக்கு வெளியே ஊதும். 2024 ஜூனில் டெல்லியில் ஒரு ராத்திரி 35 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஜெய்சல்மேரின் மே மாத ராத்திரியைவிட 9 டிகிரி அதிகம். அன்றைக்கு டெல்லி பிளாட்பாரத்தில் படுத்திருந்தவர்களுக்கு அந்த மணல்மேடே எவ்வளவோ தேவலை.