மூக்கு சொல்லும் தீர்ப்பு

தங்கத்தின் தரத்தை உரைகல் சொல்லும். பாலின் தரத்தை லாக்டோமீட்டர் சொல்லும். விஸ்கியின் தரத்தைச் சொல்வது எது? ஸ்காட்லாந்தின் விஸ்கிக் கம்பெனிகள் அதற்கு இன்றும் மனிதனின் மூக்கையே நம்பியிருக்கின்றன.

இதற்கென்றே தனி அறை உண்டு. மேஜை மீது வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். அடி அகன்று, வாய் குறுகி, பூ மொட்டுப் போலிருக்கும். மணம் சிதறாமல் மூக்குக்கு வந்து சேருவதற்காக இந்த வடிவம். கோப்பை மீது பெயர் கிடையாது, எண் மட்டுமே. சில இடங்களில் கோப்பையே நீல நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு வெளிறியதா, சிவந்ததா என்று கண்ணுக்குத் தெரியக்கூடாதாம். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஆகவே கண்ணை நம்பினால் மோசம் போக வேண்டியதுதான்!

அந்த அறையில் இருப்பவர்கள் குடிக்க வந்தவர்கள் அல்ல. ஒரே நாளில் பல பத்து மாதிரிகளைப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் விழுங்கினால் காலை பத்து மணிக்கே வேலை முடிந்துவிடும்! எனவே தண்ணீர் கலந்து, வலிமையைச் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைத்து, முகர்ந்து பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டித் துப்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் கலப்பது ஏன்? 2017-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இருவர் கம்ப்யூட்டர் கணக்கின் மூலம் ஒரு விளக்கம் தந்தார்கள். புகை மணம் தரும் 'குவாயகால்' என்ற பொருள், தண்ணீர் சேர்ந்ததும் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது. அங்கிருந்து மூக்குக்கு எட்டுவது எளிது.

இரண்டு நாடு, இரண்டு சட்டம்

விஸ்கியில் புகழ்பெற்ற இரு குடும்பங்கள், ஸ்காட்லாந்தின் ஸ்காட்சும் அமெரிக்காவின் பூர்பனும்.

ஸ்காட்ச் என்ற பெயர் வேண்டுமானால் சரக்கு ஸ்காட்லாந்திலேயே வடிக்கப்பட்டு, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு உறங்க வேண்டும். 'சிங்கிள் மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி மட்டும். அதுவும் ஒரே ஆலையில் வடித்தது.

பூர்பனுக்கு மக்காச்சோளம் பிரதானம். தானியத்தில் 51 சதவீதமாவது அது இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும். நிறம், வாசனை எதையும் வெளியிலிருந்து சேர்க்கக்கூடாது. 1964-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இதைத் தன் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் போட்டது.

இதில் ஒரு வேடிக்கை. புதுப் பீப்பாய்தான் வேண்டும் என்று சட்டம் சொல்வதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி பூர்பனுக்கு ஆகாது. அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகிறது. ஸ்காட்ச் பெரும்பாலும் வளர்வது இந்தப் பழைய பூர்பன் பீப்பாய்களில்தான்!

எதிர்த்திசையிலும் ஒரு கடன் உண்டு. ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-களில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போய், கென்டக்கியில் குடியேறினார். தெர்மாமீட்டரும் அளவுகோலும் கொண்டு, கைப்பழக்கமாக நடந்துவந்த தொழிலைக் கணக்கு வழிக்குக் கொண்டுவந்தார். முந்தைய ஈட்டில் மிஞ்சிய புளித்த நீரைப் புது ஈட்டில் சேர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியவரும் அவரே. ஊர் விட்டுப் போனவன் போன இடத்துத் தொழிலை உயர்த்துவது எங்கும் நடக்கிற கதைதானே?

தீர்ப்பு எப்படி?

மணம், சுவை, விழுங்கிய பின் நிற்கும் ருசி, இவற்றின் பொருத்தம் — பரீட்சைத் தாள் திருத்துவது போல மதிப்பெண் போடுவோர் உண்டு.

புதுப் பீப்பாயின் கரி, பூர்பனுக்கு வெனிலா, சர்க்கரைப்பாகு, தேங்காய் வாசனையைத் தருகிறது. ஸ்காட்சில் ஸ்பேசைட் பகுதிச் சரக்கு ஆப்பிளையும் தேனையும் நினைவூட்டும். ஐலா தீவுச் சரக்கோ, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த 'பீட்' புகையில் உலர்த்திய பார்லியால், ஆஸ்பத்திரி டிஞ்சர் நெடி வீசும். சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் அதற்கே அடிமை.

எது உயர்ந்தது என்று கேட்பது மாங்காயையும் மாம்பழத்தையும் ஒரே தராசில் நிறுப்பது போலத்தான். வயதும் அளவுகோல் அல்ல. புதுப் பீப்பாயில் அளவுக்கு மீறி உறங்கிய பூர்பன் கசந்துபோகும்.

பெங்களூர் வழக்கு

இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலையின் மொலாசஸிலிருந்து வடித்த சாராயம் கலந்தது. தானியத்தில் வடிக்காததை ஐரோப்பியச் சட்டம் விஸ்கியாக ஏற்பதில்லை.

இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, 1948-ல் தொடங்கிய பெங்களூர் அம்ருத் ஆலை துணிந்து ஒரு காரியம் செய்தது. இந்திய பார்லியில் வடித்த சிங்கிள் மால்ட்டை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே அறிமுகம் செய்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்கப்போன துணிச்சல்! பெங்களூர் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடும். ஸ்காட்லாந்தில் சுமார் இரண்டுதான். இழப்பு அதிகம், ஆனால் முதிர்ச்சி சீக்கிரம். 2010-ம் ஆண்டுக்கான 'விஸ்கி பைபிள்' நூலில் ஜிம் மர்ரே, அம்ருத் 'ஃப்யூஷன்' வகைக்கு 97 மதிப்பெண் போட்டு உலகில் மூன்றாம் இடம் தந்தார்.

மூக்குக்கு ஊர் பேதம் தெரியாது. தெரிவது லேபிளைப் பார்க்கிற கண்ணுக்குத்தான். சம்பள நாளன்று, "அசல் பாரின் சரக்கு சார்" என்று நீட்டப்படும் பாட்டிலுக்கு இரட்டை விலை கொடுப்பவர் பெரும்பாலும் வாங்குவது வெளியே ஒட்டிய காகிதத்தை. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் அந்தக் காகிதத்தின் விலையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். விஸ்கியை நன்றாக அறிந்தவர்கள், வேலை நேரத்தில் அதைத் துப்பிவிடுகிறவர்கள்!