கட்டபொம்மன் நாடகத் துப்பாக்கிக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா?

பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம். மகனுக்குக் கம்பெனிச் சிப்பாய் வேடம். வசனம் ஒன்றும் கிடையாது. துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். "அப்பா, துப்பாக்கி மட்டும் நிஜம் மாதிரியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டான்.

தெருமுனையில் மரவேலை செய்யும் அண்ணாச்சியிடம் போனேன். கட்டையை அழகாக இழைத்துக் கொடுத்தார். கடைசியில் கறுப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்தார்.

"துப்பாக்கின்னா கறுப்புதானே தம்பி?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் ஒரு சந்தேகம். "ரெண்டு நாள் பொறுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்து தேடிப் படித்தேன். படித்ததில் பாதி, நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது.

எந்த வருடத்துத் துப்பாக்கி?

நிறத்தை முடிவு செய்யும் முன்னால் வருடத்தை முடிவு செய்ய வேண்டும். மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 16. இரண்டு ஊர்களும் இன்று நம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் கம்பெனிச் சிப்பாயின் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக்கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து மருந்தில் விழும், வெடிக்கும். இந்த ரகத்துக்கு 'பிரவுன் பெஸ்' என்று செல்லப் பெயர். கம்பெனிப் படைக்காகவே செய்த 'இந்தியா பேட்டர்ன்' வகையில் குழல் மட்டும் 39 அங்குலம். முழு நீளம் ஏறக்குறைய நாலரை அடி, எடை நாலு கிலோவுக்கு மேல். பத்து வயதுப் பையன் கையில் கொடுத்தால் அவனைவிட உயரமாக நிற்கும்!

குழல்: கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை

பெயரில் 'பிரவுன்' இருப்பதைப் பார்த்துக் குழலுக்குப் பழுப்பு அடித்துவிடாதீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. ஆனால், 1799-இல் சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் பளபளவென்று தீட்டிய வெள்ளை இரும்பு. வெயிலில் பிடித்தால் கண் கூசும்.

இரும்பைப் பக்குவமாகத் துருப்பிடிக்க வைத்து, தேய்த்து, எண்ணெய் பூசிப் பழுப்பு நிறமாக்கும் வேலை அப்போதே தெரிந்ததுதான். ஆனால், வேட்டைத் துப்பாக்கிகளுக்குத்தான் அதைப் பெரும்பாலும் செய்தார்கள். பிரிட்டிஷ் காலாட்படைத் துப்பாக்கிகளில் அது பரவலானது 19-ஆம் நூற்றாண்டில். இன்று நாம் பார்க்கும் அட்டைக் கறுப்பு அதற்கும் பிறகு வந்தது. நாடகத் துப்பாக்கிக்குக் கறுப்பு அடித்தால், கட்டபொம்மன் காலத்துச் சிப்பாய் இருபதாம் நூற்றாண்டுத் துப்பாக்கியோடு நிற்பான்.

பிறகு ஏன் மியூசியத்தில் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது? இருநூறு வருடத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். நம் ஊர் உப்புக்காற்றில் புது ஆணியே சீக்கிரம் பழுப்பேறிவிடும். பூச்சே இல்லாத இரும்புக்குழல் என்ன பாடுபடும்? செங்கல் தூளும் எண்ணெயும் வைத்துத் தேய்ப்பது அந்நாளில் சிப்பாய்க்கு ஓயாத வேலை. தேய்த்துத் தேய்த்தே குழல் மெலிந்து போனதும் உண்டு. பிற்பாடு பழுப்பு நிறத்துக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டையும் பித்தளையும்

கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். அது நமக்குக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. நம் ஊர் வாகை மரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த வியாபாரப் பெயரே 'கிழக்கிந்திய வால்நட்'. அதன் வைரப்பகுதி நல்ல பழுப்பு. பூவரசும் சரிவரும். கண்ணாடி மாதிரி மின்னும் வார்னிஷ் வேண்டாம். பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு, மெல்லியதாக நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் தேய்த்தால் போதும். மரத்தின் ரேகை தெரிய வேண்டும். (எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.)

அடிக்கட்டையின் மூடி, விசையைச் சுற்றியுள்ள வளையம், கெட்டிக்கும் கம்பியைச் செருகும் குழாய்கள் எல்லாம் பித்தளை. தங்க நிறப் பெயின்ட் அடித்தால் நகைக்கடை விளம்பரம் போல ஆகிவிடும். மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டி ஒட்டி, குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேயுங்கள். குழலுக்கு அலுமினியப் பெயின்ட். தோள்வார் வெள்ளை. மருந்து வைக்கும் கிண்ணத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் அடுப்புக்கரி தடவலாம். சுட்ட துப்பாக்கியில் அந்த இடம்தான் கறுக்கும்.

எதிரே நின்றவர்கள் கையில்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான நாடகங்கள் சறுக்குகின்றன. இரு தரப்புக்கும் ஒரே துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார்கள்.

பாளையக்காரர் படையில் நீண்ட ஈட்டிகள், வாள்கள், இவற்றோடு திரித் துப்பாக்கிகள். திரித் துப்பாக்கியில் கல் கிடையாது. எரியும் கயிற்றுத் திரியால் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். மழை வந்தால் திரி அணையும். இருட்டில் அதன் கங்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்தப் பக்கத்துத் துப்பாக்கிகளுக்குப் பளபளப்பு வேண்டாம். மங்கிய இரும்பு, எண்ணெய் ஏறிய நாட்டுமரம், விசையருகே ஒரு துண்டுக் கயிறு போதும்.

ஊமைத்துரை வரும் காட்சி என்றால் ஒரு விதிவிலக்கு. 1801 பிப்ரவரியில் அவரும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியபோது, காவலர்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டுதான் போனார்கள். அந்தக் காட்சியில் நம்மவர் கையிலும் பளபளக்கும் கம்பெனித் துப்பாக்கி ஒன்றிரண்டு இருக்கலாம்.

இதை மறக்காதீர்கள்

நாடகத் துப்பாக்கி கடைசிவரை மரக்கட்டையாகவே இருக்கட்டும். குழலில் துளை வேண்டாம், மருந்து, பட்டாசு எதுவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் சுடும் துப்பாக்கி செய்வதும், பொம்மையைச் சுடும்படி மாற்றுவதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். பள்ளிக்குக் கொண்டுபோகும்போது துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விழா அன்று திரை விலகியது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு வரிசைத் துப்பாக்கிகள் ஜொலித்தன. எதிரே மங்கிய இரும்பும் ஈட்டியும். முன்வரிசையில் இருந்த அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்:

"இம்புட்டுப் பகட்டா வந்தவனையா தம்பி, அந்தக் கம்பை வச்சுக்கிட்டு எதுத்தாங்க?"

நாடகம் முழுக்க வீர வசனம் இருந்தது. எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. கறுப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்திருந்தால் அவர் அதைக் கேட்டிருக்க மாட்டார்.