மூன்று முதல் ஆறு வரை – 7: உப்புமாவுக்கு எதிராக ஒரு மனு

போன வாரம் வாசற்படியில் அழுதுகொண்டு நின்ற பையனை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவன் உள்ளே வந்துவிட்டான். இப்போது என் செருப்பை மாட்டிக்கொண்டு அறையை அளக்கிறான். திருவனந்தபுரத்துத் தம்பானூர் சந்தில் ஓர் அங்கன்வாடி, ஓய்வுபெற்ற பிறகு அங்கே தொண்டுக்குப் போகும் நான். இதற்கு மேல் முன்கதை வேண்டுவோர் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளலாம்.

இந்த வாரம் எழுத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். விஜயதசமி, பூஜப்புரை மண்டபம், அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது எல்லாம் தயாராகத்தான் இருந்தன. உப்புமா குறுக்கே வந்துவிட்டது.

படம் போட்ட அட்டைகள் கொண்டுபோயிருந்தேன். பேருந்துப் படத்தைத் தூக்கிக் காட்டி, என்ன இது என்று கேட்டேன். “ஃபாஸ்ட் பாஸஞ்சர்” என்றாள் ஒரு நாலு வயதுக்காரி. “அல்ல, சூப்பர் ஃபாஸ்ட்” என்று பக்கத்திலிருந்தவன் மறுத்தான். கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு வெறும் பஸ் என்று ஒன்று கிடையாது. சண்டை முற்றுவதற்குள் அடுக்களையில் கடுகு வெடித்தது. அத்தனை தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

“சாரே, அட்டையை உள்ளே வையுங்கள். இனி ஒன்றும் ஏறாது” என்றார் டீச்சர். அவர் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

வந்தது உப்புமா. உற்சாகம் பாதியாகக் குறைந்தது. அங்கேதான் எனக்கு அந்த ஆலப்புழை மாவட்டத்துச் சிறுவனின் ஞாபகம் வந்தது. 2025 தொடக்கத்தில் கேரளமே பார்த்த வீடியோ அது. அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று தன் மழலையில் அவன் சொன்னதை அம்மா படம்பிடித்துப் போட்டார். அப்போதைய குழந்தைகள் நலத்துறை அமைச்சர் வீணா ஜார்ஜ் அதைப் பார்த்தார், பரிசீலிக்கிறோம் என்றார். அமைச்சர்கள் எதைத்தான் பரிசீலிக்கவில்லை என்று நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஜூன் மாதமே, புதிய கல்வியாண்டு தொடங்கும்போது, அங்கன்வாடிகளுக்குத் திருத்திய உணவுப் பட்டியல் வெளியாயிற்று. அதில் முட்டை பிரியாணி இருந்தது! வாரத்தில் இரண்டு நாள் கிடைத்த பாலும் முட்டையும் மூன்று நாளாயின. சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. பொரித்த கோழி மட்டும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. ஓட்டுரிமைக்குப் பல வருஷம் பாக்கியிருக்கும் ஒரு குடிமகன் வாய்மொழியாகக் கொடுத்த மனு சில மாதங்களில் அரசுப் பட்டியலானது. இந்த வாரம் முழுக்க, பார்த்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேரளத்தை மட்டும் புகழ்கிறேன் என்று தமிழ்நாட்டு வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது பந்தியில் உட்கார்ந்தவர்களில் பள்ளிக்கே போகாத வாண்டுகளும் உண்டு. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. அதற்கும் முன்பே, 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இன்றைய அங்கன்வாடிகளுக்கெல்லாம் தாய். அந்த முதல் பட்டியலில் கேரளத்தின் பங்கு மலப்புறம் மாவட்டத்து வேங்கரை. திட்டம் பிறந்ததிலிருந்தே படிப்பும் சோறும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தவன் நான்தான்.

தட்டு வைக்கும் வேலையை டீச்சர் பிள்ளைகளிடமே விடுகிறார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை தட்டு, ஒன்று குறைகிறதே, யாருடையது? என் அட்டைகளில் இல்லாத கணக்கு அது. கை கழுவ வரிசை, தன் முறை வரும்வரை பொறுமை, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் பாடம்தான். 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரியும் பரிமாறுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தவர். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது தனிக்கதை; இன்னொரு வாரம்.

செருப்புக்காரன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். வீட்டில் தமிழ், இங்கே மலையாளம். இரண்டிலும் பேசாமல் உப்புமாவை விரலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான். சாப்பிடச் சொல்லி நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கண்ணால் தடுத்தார். பிறகு அவனே ஒரு வாய் எடுத்துக்கொண்டு, “அப்பூப்பா (தாத்தா), நீ?” என்றான். எங்கள் முதல் உரையாடல்.

எழுத்து அடுத்த வாரம், நிச்சயமாக. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி ஒவ்வொரு நவராத்திரிக்கும் திருவனந்தபுரத்துக்குப் பவனி வருகிறாள். கூட வரும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை தங்குவது நம் தம்பானூருக்குப் பக்கத்துச் செந்திட்டைக் கோயிலில். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை. அங்கன்வாடிக்கு உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் சிலேட்டும் கலர் பென்சிலும் வாங்கிக்கொண்டு காலையில் போகிறீர்கள். டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வெறுங்கையோடு போய்த் தரையில் உட்காருங்கள். உதவி எங்கே வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.