கட்டியின் இடம் தலைவிதியல்ல!

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும், "கட்டி எந்த இடத்தில் இருக்கிறது?" என்ற கேள்வி எழுவது இயல்பு. மார்பின் உட்புறத்தில் வந்தால் ஆபத்து அதிகம் என்று கேள்விப்பட்டு அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், அதன் காரணத்தை அறிந்தால் அச்சத்தைவிட நம்பிக்கைக்கே இடம் அதிகம்.

முலைக்காம்பை மையமாகக் கொண்டு மருத்துவர்கள் மார்பகத்தை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றனர். புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி, அக்குளை ஒட்டிய மேல்-வெளிப் பகுதியில்தான் தோன்றுகின்றன. பால் சுரப்பித் திசு அங்கு மிகுதியாக இருப்பதே இதற்கு முதன்மையான காரணம். மார்பெலும்பை ஒட்டிய உட்புறக் கட்டிகள் எண்ணிக்கையில் குறைவு. எனினும், மற்ற தன்மைகளில் ஒத்திருக்கும் நோயாளிகளை ஒப்பிட்ட பல ஆய்வுகளில், உட்புறக் கட்டி உடையோரின் உயிர்பிழைப்பு விகிதம் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது.

இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பது பொருளாதார மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. உட்புறத்தில் தோன்றியதாலேயே புற்றுநோய் செல் கொடியதாகிவிடுவதில்லை. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

விடை நிணநீர் ஓட்டத்தில் இருக்கிறது. மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அக்குளில் உள்ள கணுக்களைச் சென்றடைகிறது. ஒரு பகுதி, மார்பெலும்பின் ஓரமாக விலா எலும்புகளுக்கு இடையே அமைந்த உட்கணுக்களுக்குச் செல்கிறது. உட்புறக் கட்டிகளில் இந்த இரண்டாவது வழி கூடுதலாகப் பயன்படுகிறது. அறுவைச் சிகிச்சையின்போது அக்குள் கணுக்களை எடுத்துச் சோதிப்பது வழக்கம். நெஞ்சுக்கூட்டின் உள்ளே இருக்கும் கணுக்களைப் பொதுவாக யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு பேரேடுகள் உள்ள நிறுவனத்தில் ஒன்றை மட்டும் தணிக்கை செய்து, "கடன் இல்லை" என்று சான்றளிப்பதைப் போன்றது இது. அக்குளில் நோய் இல்லை என்பதால் தொடக்கநிலை என்று கருதப்பட்ட சிலருக்கு, பார்க்கப்படாத கணுவில் நோய் இருந்திருக்கக்கூடும். அவர்களுக்குத் தேவையான அளவு சிகிச்சை கிடைக்காமல் போயிருக்கும்.

இந்த விளக்கத்துக்கு வலுச்சேர்க்கும் சான்று டென்மார்க்கிலிருந்து வந்தது. அங்கு 2003 முதல் அக்குள் கணுவில் நோய் பரவிய பெண்களில், வலப்புற மார்பில் கட்டி உள்ளவர்களுக்கு உட்கணுக்களுக்கும் கதிர்வீச்சு தரப்பட்டது. இடப்புறக் கட்டி உள்ளவர்களுக்கு, இதயம் பாதிக்கப்படும் என்ற அச்சத்தால் அது தரப்படவில்லை. புற்றுநோய் எந்தப் பக்கத்தில் வரும் என்பது யாருடைய தேர்வும் அல்ல; ஆகவே, இது குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்ததற்கு ஏறத்தாழ ஒப்பாகும். 2007 வரை சிகிச்சை பெற்ற 3,089 பெண்களை ஆராய்ந்த முடிவுகள் 2016-இல் வெளியாயின. எட்டாண்டு முடிவில், உட்கணுக்களுக்கும் கதிர்வீச்சு பெற்றோரில் 75.9% பேரும், பெறாதோரில் 72.2% பேரும் உயிருடன் இருந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர் கூடுதல். உட்கணுக்களில் நோய் பரவும் வாய்ப்பு மிகுந்தவர்களிடம் பயன் அதிகமாகத் தெரிந்தது.

அதற்காக, உட்புறக் கட்டி உள்ள அனைவருக்கும் இந்தச் சிகிச்சை தேவை என்று பொருளல்ல. கதிர்வீச்சுக்கும் விலை உண்டு. இதயமும் நுரையீரலும் அருகிலேயே இருக்கின்றன. ஆழ்ந்து இழுத்த மூச்சை நிறுத்திக்கொண்டிருக்கும்போது கதிர்வீச்சு செலுத்தும் முறை, இதயத்தை மார்புச்சுவரிலிருந்து விலக்கி அந்த விலையைக் குறைக்கிறது. ஆனாலும், பயனையும் பாதிப்பையும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே எடைபோட வேண்டியது மருத்துவரின் கடமை.

நோயின் நிலையைக் கணக்கிடும் உலகளாவிய முறையில் கட்டியின் அளவு, கணுக்களின் நிலை, உடலின் பிற பகுதிகளுக்குப் பரவல் ஆகியவற்றுக்குத்தான் முதலிடம். கட்டி மார்பகத்தின் எந்தக் காற்பகுதியில் இருக்கிறது என்பது அதில் இடம்பெறவே இல்லை. ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 புரதம் போன்ற உயிரியல் தன்மைகளும் இடத்தைவிட மிகுந்த முக்கியத்துவம் உடையவை.

நம் நாட்டில் கணிசமான பெண்கள், கணுக்களுக்கு நோய் பரவிய பிறகே மருத்துவமனைக்கு வருகின்றனர். எனவே, உட்கணுக்கள் பற்றிய கேள்வி இங்கு ஏட்டளவிலானது அல்ல. "ஏன் இந்த இடத்தில் வந்தது?" என்று வருந்துவதில் பயனில்லை. "கட்டி உட்புறத்தில் இருப்பதால், மார்பெலும்பு ஓரக் கணுக்கள் ஸ்கேனில் பார்க்கப்பட்டனவா? எனக்கு அங்கே கதிர்வீச்சு தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்பதே பயன் தரும். நோயாளியோ உடன் செல்லும் உறவினரோ இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

நலமாக இருப்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மார்பகத்தில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும்போது அக்குள் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. மார்பெலும்பின் ஓரம் வரை பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கட்டி தென்பட்டாலும், வலி இல்லையே என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கட்டி தோன்றும் இடம் நம் கையில் இல்லை. காலம் தாழ்த்தாமல் செல்வது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.